நூலுக்கு முன்னால் ஃபோம்

யாராவது தன் கையால கட்டின தூண்டில் ராடைக் காட்டினா, எல்லாரும் முதல்ல பார்க்கறது கைப்பிடிக்கு மேல இருக்கிற அந்த வைரக் கட்டங்களைத்தான். நீலம், வெள்ளி, மறுபடி நீலம்னு நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடி, கோணம் பிசகாம நிக்கிற அழகு அப்படி. நான் பார்க்கறது அதுக்குக் கீழ. நூல் முடிஞ்சு ஃபோம் ஆரம்பிக்கிற அந்த அரை அங்குலத்தை. கறுப்பு ஃபோம் மேல பளபளன்னு ஒரு திட்டு, டேப் உரிச்ச இடத்துல தோல் பிஞ்ச சொரசொரப்பு, சுத்தி ஒரு பள்ளம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும், மேல வைரம் எவ்வளவு நேரா இருந்தாலும் கண்ணு கீழயே நிக்கும். நூல்ல தப்பு நடந்தா அவுத்துட்டு மறுபடி சுத்திக்கலாம். ஃபோம்ல நடந்தா அவுக்கறதுக்கு எதுவும் இல்ல.

நான் இருக்கிறது கலிஃபோர்னியாவுல, சான் டியேகோ. இந்த ஊர்ல ராடு கட்டறது கொஞ்சம் பெரிய சமாச்சாரம். பாயின்ட் லோமா துறையில இருந்து கிளம்புற தூரப் பயணப் படகுகள் மெக்சிகோவோட பாஹா கடல் வரைக்கும் போகும். சில நாள்ல திரும்புற பயணமும் உண்டு, ரெண்டு வாரத்தைத் தாண்டுறதும் உண்டு. மஞ்சள் துடுப்புச் சூரை ஒண்ணு நல்ல எடையில மாட்டினா, ராடை அந்தரத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் மல்லுக்கட்ட முடியாது. படகோட ஓரத் தடுப்பு மேல ராடைச் சாய்ச்சு, அதைத் தாங்கலா வச்சு இழுப்பாங்க. அதனாலதான் இங்க ரீலுக்கு மேல இருக்கிற முன் கைப்பிடி நீளமா, ஃபோம்ல இருக்கும். கார்க் வச்சா தடுப்புல பட்டுப் பட்டுப் பிய்ஞ்சிடும். அந்தக் கைப்பிடி முடிஞ்சு, தூண்டில் நரம்பு ஓடுற முதல் வளையமான கைடு வர்ற வரைக்கும் ராடோட தண்டுல, அதாவது பிளாங்க்ல, ஒரு நீள வெற்றிடம் கிடைக்கும். அலங்கார நூல்கட்டு குடியிருக்கிறது அங்கதான்.

நூல் ராடுக்கு வந்தது அழகுக்காக இல்ல. கைடோட காலை பிளாங்க்கோட சேர்த்துக் கட்டறதுக்கு. மூங்கில் ராடு காலத்துல பட்டு நூல். இப்போ நைலான், பாலியெஸ்டர். கட்டின கை சும்மா இருக்குமா? ஓரத்துல ஒரு வரி வேற நிறம், அப்புறம் ரெண்டு வரி, அப்புறம் குறுக்குக் கட்டு, வைரம், அம்புமுனை, பாவு பிரிச்சு நெய்யற மாதிரி எழுத்தும் மீன் உருவமும் வரைக்கும் வந்தாச்சு. அமெரிக்காவுல டேல் கிளெமென்ஸ் 1970கள்ல இருந்து எழுதின புத்தகங்கள் இதை வீட்டு வேலைமேசைக்குக் கொண்டுவந்ததுல பெரிய பங்கு வச்சிருக்கு. வடிவம், நிறம், கோணம் எல்லாத்துக்கும் வழிகாட்ட ஆள் இருக்கு. ஃபோமைப் பத்திப் பேசும்போது மட்டும் "டேப் ஒட்டிக்கோங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. என் சண்டையே அந்த ஒரு வரியோடதான்.

ஃபோமைக் கடைசியில மாட்டிக்கிட்டா இந்தத் தொல்லையே இருக்காதேன்னு தோணும். முடியாது. பிளாங்க் அடியில தடிச்சு நுனிக்குப் போகப் போக மெலியும். கைப்பிடியை நுனிப் பக்கமா நுழைச்சுக் கீழ இறக்கி, தன் இடம் வந்ததும் இறுகி உக்காரற மாதிரி ஓட்டையைக் குடைவோம். மேல நூல்கட்டு போட்டாச்சுன்னா அதைத் தாண்டி ஃபோம் இறங்காது. அடிப்பக்கமா ஏத்தணும்னா தடியான பாகத்தைத் தாண்ட ஓட்டை பெருசாகணும், அப்புறம் இருக்க வேண்டிய இடத்துல லொட லொடன்னு ஆடும். ஆக, நூல் முதல் சுத்து சுத்தறதுக்கு முன்னாடியே ஃபோம் பசை போட்டு உக்காந்திருக்கும். அதுக்கப்புறம் நடக்கிற ஒவ்வொரு வேலையும், கை எண்ணெய், நூல், நூல் நிறம் மாறாம இருக்கப் பூசற நிறக்காப்பு, அதுக்கு மேல பூசற எபாக்ஸி, நெருப்பு, எல்லாம் அதுக்குப் பக்கத்துலயே நடக்கும்.

இந்த ஃபோம் பெரும்பாலும் ஈவிஏ. எத்திலீன் வினைல் அசிடேட். செருப்பு அடியில, யோகா பாய்ல எல்லாம் வர்றதுதான். உள்ள இருக்கிற குமிழ்கள் ஒண்ணோட ஒண்ணு தொடர்பில்லாத மூடின அறைகள். அதனால தண்ணியை உறிஞ்சாதுன்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா கைப்பிடியை உருவமாக்க லேத்துல கடைஞ்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதும், மேற்பரப்புல இருக்கிற அறைகள் எல்லாம் பாதியா அறுபட்டு, வாய் திறந்த குட்டிக் கிண்ணங்களா நிக்கும். பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, தெரியும். ஃபோமுக்கு அந்த மேட் கறுப்பு வர்றதே அந்தக் கிண்ணங்களாலதான். எபாக்ஸி ஒரு சொட்டு விழுந்தா கிண்ணத்துக்குள்ள இறங்கி, அங்கயே இறுகி, கண்ணாடி மாதிரி ஒளி அடிக்கும்.

போன குளிர்காலத்துல நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் ஒரு ராடைக் கொண்டுவந்தார். மதுரைக்காரர், இங்க வேலை பார்க்கிறார். பச்சையும் தங்கமும், கட்டம் சுத்தமா வந்திருந்தது. ஃபோம் மேல்முனையில மட்டும் சாம்பல் நிறத்துல ஒரு வளையம்.

"அண்ணே, டேப் ஒட்டித்தான் பண்ணினேன். ஆனாலும் இப்படி ஆயிடுச்சு."

"எந்த டேப்பு?"

"சாதா மாஸ்கிங் டேப்புதாண்ணே. மேசை டிராயர்ல கிடந்தது."

"எத்தனை நாள் விட்டீங்க?"

"நூல் சுத்தி முடிக்கிற வரைக்கும். சனி ஞாயிறுலதானே நேரம் கிடைக்குது, ஒரு மாசம் இருக்கும்."

அந்த வளையம் எபாக்ஸி இல்ல. டேப்போட பசை. ஒரு மாசமா, கராஜ் சூட்டுல, நூல் சுத்தும்போது அவர் கை வேற அழுத்த அழுத்த, பசை கிண்ணங்களுக்குள்ள இறங்கிடுச்சு. டேப்பை உரிச்சப்போ பாதிப் பசை உள்ளயே தங்கி, மீதி ஃபோமோட மேல் தோலைக் கையோட பிச்சுக்கிட்டு வந்திருச்சு. காக்கறதுக்கு ஒட்டினதே கெடுத்திருச்சு.

இது டேப் பிறந்த கதையிலயே இருக்கிற சிக்கல். 1920கள்ல அமெரிக்காவுல ரெண்டு வண்ணக் கார்கள் மோஸ்தரா இருந்துச்சு. ஒரு நிறத்தை மறைச்சிட்டு இன்னொண்ணை அடிக்கணும். மறைக்க ஒட்டின காகிதத்தை உரிச்சா, அடியில இருந்த புதுப் பெயின்ட்டும் கூட வந்திரும். செயின்ட் பால் ஊர்ல 3எம் கம்பெனியில வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ, பெயின்ட் பட்டறையில இதை நேர்ல பார்த்துட்டு, ஒட்டணும், ஆனா கெடுக்காம உரியணும்னு உக்காந்து உழைச்சு, 1925ல மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். அவர் மனசுல இருந்தது வழவழப்பான கார் தகடு. வாய் திறந்த ஃபோம் இல்ல.

அதனால என் விதி: பசை உள்ள எதுவும் ஃபோமைத் தொடக் கூடாது. மத்ததெல்லாம் இதுல இருந்து வர்றதுதான்.

முதல்ல ஃபோமுக்கு என்ன செய்யணுமோ அதை நூலைத் தொடறதுக்கு முன்னாடியே முடிச்சிடுவேன். உருவம், தேய்ப்பு, எல்லாம். 220ல ஆரம்பிச்சு 400 வரைக்கும் உப்புத்தாள். அப்புறம் லேசான சோப்புத் தண்ணியில துடைச்சு, ஒரு ராத்திரி காய விட்டிருவேன். ஈவிஏ தூசி சாதாரண தூசி இல்ல. நிலைமின்சாரத்துல எங்க வேணா போய் ஒட்டும். வெள்ளை நூல் மேல ஒட்டினா நூல் அழுக்கு, ஈரமா இருக்கிற எபாக்ஸியில ஒட்டினா மூக்கு மேல மரு. அதே நேரத்துல, ஃபோம் நல்லாக் கறுப்பா தெரியணும்னு கார் டேஷ்போர்டுக்குப் போடுற பாலிஷை யாரும் இப்போ தடவ வேண்டாம். அதுல சிலிக்கான் இருக்கும். கையோட அது நூலுக்குப் போச்சுன்னா எபாக்ஸி அந்த இடத்துல நிக்காது, விலகி விலகிக் குழி விழும். அந்தக் குழியை அடுத்த பூச்சாலயும் மூட முடியாது.

அப்புறம் சட்டை. சமையலறையில தட்டு மூடுற கிளிங் ஃபிலிம்தான் முதல் உறை. பசை கிடையாது, தன்மேல தானே ஒட்டிக்கும். ஃபோம் முழு நீளத்துக்கும் ரெண்டு மூணு சுத்து, இழுக்காம, சுருக்கம் விழாம. அதுக்கு மேல சாதாரண வெள்ளைத் தாள் ஒரு சுத்து. தாளோட விளிம்பை டேப் போட்டு நிறுத்தலாம், அங்க டேப் ஒட்டறது தாள் மேல, ஃபோம் மேல இல்ல. தாள் எதுக்குன்னா, கிளிங் ஃபிலிம் வழுக்கும். கை பிடிக்கணும், எபாக்ஸி சொட்டினா அது ஓடாம ஊறி நிக்கணும். எபாக்ஸி அன்னைக்கு மட்டும் இதுக்கு மேல அலுமினியம் ஃபாயில் ஒரு உறை. அது நெருப்புக்கு, பின்னால சொல்றேன்.

இவ்வளவும் சுலபம். விளிம்புதான் விவகாரம்.

ஃபோம் முடியற இடத்துல ஒரு வளையம் போடுவோம், ரப்பரோ அலுமினியமோ. அதுக்கு அழகு மட்டும் வேலை இல்ல. ஃபோமுக்கும் நூலுக்கும் நடுவுல ஒரு எல்லைக்கல். உறையோட விளிம்பு அந்த வளையத்து மேல போய் உக்காரணும். வளையத்துல பசை பட்டா துடைச்சுக்கலாம். அங்க நான் போடறது கார்ல கோடு போட உபயோகிக்கிற மெல்லிய வினைல் டேப். மாஸ்கிங் டேப்புக்கு விளிம்பு சொரசொரன்னு இருக்கும், எபாக்ஸி அடியில புகுந்துரும். வினைல் கத்தி மாதிரி நிக்கும். வளையமே வேண்டாம்னு கட்டறவங்க உண்டு, ஃபோமை நேரா நூலோட ஒட்டி நிறுத்துவாங்க. பார்க்க அழகு. எனக்கு இஷ்டமில்ல.

ஏன்னா, வளையம் இல்லாத இடத்துல எபாக்ஸி ஃபோமையும் நூலையும் சேர்த்துப் பாலம் போட்டுரும். எபாக்ஸி கெட்டி, ஃபோம் அமுங்கும். மீன் இழுத்து ராடு வளையும்போது, அதுவும் படகுத் தடுப்புல ஃபோம் அழுந்தும்போது, ரெண்டும் வேற வேற அளவுல நகரும். பாலம் முறியும். முதல்ல மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அப்புறம் அது வழியா உப்புத்தண்ணி உள்ள போகும். அந்தக் கோட்டைப் பார்த்துட்டு "எபாக்ஸி சரியில்ல"ன்னு திட்டறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். எபாக்ஸி சரியாத்தான் இருந்தது. வளையத்து மேலயே அதை நிறுத்தி, ஃபோமுக்கு ஒரு மில்லிமீட்டர் மூச்சு விட்டிருந்தா முறியறதுக்கு அங்க எதுவும் இருந்திருக்காது.

இனி நூல். குறுக்குக் கட்டுல நூல் மேல இருந்து கீழ சாய்வா வந்து, அடியில பிளாங்க்கைச் சுத்தித் திரும்பி மேல போகும். திரும்பற இடத்துல பிடிமானம் வேணும். ரெட்டைப்பக்க டேப் ஒரு பட்டை ஒட்டி, நூலை அதுல அமுக்கி நிறுத்துவோம். வடிவம் எல்லாம் முடிஞ்சதும் ரெண்டு முனையிலயும் ஒரு பட்டைக் கட்டு போட்டு அந்தச் சாய்வு நூல்களை இறுக்கி, மிச்சத்தை அறுத்து எடுத்துடுவோம். இப்போ யோசிச்சுப் பாருங்க: வடிவம் ஃபோமை ஒட்டியே ஆரம்பிக்கணும்னா, கீழ்முனையில நூல் திரும்ப பிளாங்க்ல இடமே இல்ல. எல்லாரும் என்ன பண்றாங்க? நூலை ஃபோம் மேலயே கொண்டுபோய்த் திருப்புறாங்க.

ஒரு நூல் திரும்பினா ஒண்ணும் ஆகாது. வைரம் பெருசாகப் பெருசாக நூல் கூடிக்கிட்டே போகும், ஒவ்வொண்ணும் இழுவிசையோட. விரல்ல நூலை இறுக்கிச் சுத்தி விட்டுட்டு வேற வேலை பார்க்கப் போனா விரல் என்ன ஆகுமோ அதுதான் ஃபோமுக்கும். விரல்னா அவுத்ததும் பழைய நிலைக்கு வந்திரும். ஃபோம் வாரக்கணக்கா அமுங்கி இருந்தா அந்தப் பள்ளத்தையே தன் உருவமா எடுத்துக்கும். கிளிங் ஃபிலிம் இதைத் தடுக்காது. இங்க வேண்டியது கவசம்: பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை அகலமா வெட்டி, ஃபோம் முனையில சட்டை மேல உருட்டி, அதோட ரெண்டு விளிம்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம முட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி அளவெடுத்து, வெளிப்பக்கம் டேப் சுத்திடுவேன். விளிம்பு முட்டி நிக்கிறதால நூல் இறுக்கினாலும் அது குழாயா நிக்கும், சுருங்காது. நூல் இழுவிசை பிளாஸ்டிக்குக்குப் போகும், ஃபோமுக்குப் போகாது. முடிஞ்சதும் அறுத்து எடுத்துட்டாப் போச்சு.

இதைவிட நல்ல வழி, வடிவத்தைக் கொஞ்சம் மேல தள்ளி ஆரம்பிக்கிறது. ஒரு அங்குலம் பிளாங்க் வெறுமனே விட்டா நூல் அங்கயே திரும்பும். அந்த அங்குலத்தை அப்புறம் ஒரே நிறத்துல சாதாரணக் கட்டு போட்டு நிரப்பினா, அதுவே வைரத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி இருக்கும். பெரிய ராடுல எனக்கு இதுதான் பிடிக்கும். ஃபோமை ஒட்டி நெருக்கியடிச்சு நிக்கிற வடிவத்தைவிட கொஞ்சம் இடம் விட்ட வடிவம் எடுப்பா தெரியும்.

நூல் சுத்தும்போது ராடை எது தாங்குதுன்னும் பாருங்க. தாங்கிகள் பிளாங்க் மேல இருக்கணும். ஃபோமைத் தாங்கியில வச்சு உருட்டினா, முக்கியமா எபாக்ஸி பூசிட்டு மோட்டார்ல ராத்திரி பூரா சுத்த விட்டா, காலையில உருளை ஓடின தடம் இருக்கும். அடிக் கைப்பிடியை லேத்தோட மூணு தாடைக்குள்ள இறுக்கறவங்களுக்கு மூணு பல்தடம்.

நிறக்காப்புத் திரவம் பூசறதா இருந்தா, தண்ணி அடிப்படையில உள்ளதை எடுங்க. கரைப்பான் அடிப்படையில வர்றது ஃபோமை உப்ப வைக்கலாம். அசிட்டோன், தின்னர் ரெண்டையும் அந்த மேசைப் பக்கமே வைக்க மாட்டேன்.

எபாக்ஸி ரெண்டு பாகத்தையும் சிரிஞ்ச்ல சம அளவு எடுத்துக் கலக்கி, மெல்லிசாப் பூசுங்க. வைரக் கட்டுல நூல் வெட்டிக்கிற இடங்கள் மேடு தட்டி இருக்கும். ஒரே பூச்சுல சமமாக்கணும்னு ஊத்தினா அது தொங்கி, ஃபோம் பக்கம் வழியும். மூணு பூச்சுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு பூச்சுக்கும் விளிம்பு டேப் புதுசு. இது சோம்பல் படற இடம். ஆனா டேப்பை அப்படியே விட்டா எபாக்ஸி அதோட சேர்ந்து இறுகி, உரிக்கும்போது விளிம்பு பிய்ஞ்சு வரும், இல்லன்னா ஒரு கரை எழும்பி நிக்கும். எபாக்ஸி சமமா பரவி, இன்னும் இளக்கமா இருக்கும்போதே, மோட்டார் மெதுவா சுத்திக்கிட்டே இருக்கட்டும், டேப் முனையைப் பிடிச்சுத் தன்மேலயே மடிச்சு இழுங்க. ராடு சுத்தச் சுத்த அது தானா கழண்டு வரும். ஈர விளிம்பு கொஞ்சம் உருண்டு வளையத்துல போய் முடிஞ்சிடும். கையால வெட்டினாக்கூட அவ்வளவு சுத்தமா வராது. டேப் மட்டும்தான் போகணும்; அடியில இருக்கிற சட்டை இருக்கட்டும்.

எபாக்ஸியில இருக்கிற காத்துக் குமிழ் போக நெருப்பு காட்டுவோம், ஸ்பிரிட் விளக்கோ சின்ன டார்ச்சோ. ஈவிஏ நூறு டிகிரி செல்சியஸுக்குக் கீழயே இளக ஆரம்பிச்சிடும். கிளிங் ஃபிலிமும் சூடு பட்டா சுருங்கி ஃபோமோட ஒட்டும். ஃபாயில் உறை இதுக்குத்தான். அப்படியும் சுடரை ஃபோம் பக்கம் இருந்து நுனிப் பக்கமா நகர்த்துங்க, எதிர்ப்பக்கமா வேண்டாம்.

வேற உறைகள் பத்தியும் கேப்பாங்க. சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டறவங்க இருக்காங்க. அதுக்குள்ள டால்கம் பொடி இருக்கும், நல்லாக் கழுவாம மாட்டினா பொடி எபாக்ஸிக்கு வரும். வெளிர் நிற ஃபோம்ல ரப்பர் கறை வேற. சூட்டுல சுருங்குற குழாய் போடறதை நான் ஒத்துக்க மாட்டேன். ஃபோமைச் சூட்டுல இருந்து காப்பாத்த, அதைச் சூடு பண்ணிச் சுருக்கறதுல என்ன நியாயம்?

இவ்வளவுக்கு அப்புறமும் சொட்டு விழுந்தா? உடனே ஆல்கஹால் பஞ்சை எடுத்துத் தேய்க்காதீங்க. ஆல்கஹால் எபாக்ஸியைத் தண்ணியாக்கிக் கிண்ணங்களுக்குள்ள இன்னும் ஆழமா அனுப்பும், ஒரு பொட்டு ஒரு திட்டா பரவும். முதல்ல தாளோட முனையால சொட்டை ஒத்தி எடுங்க, தேய்க்காம. முடிஞ்ச வரைக்கும் எடுத்ததுக்கு அப்புறம், ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல லேசா நனைச்ச துணியால, நூல்கட்டுல இருந்து விலகிப் போற திசையில ஒரே இழுப்பு. துணியோட அதே பக்கத்தை ரெண்டாவது தடவை வைக்காதீங்க. இறுகின பிறகு பார்த்தா, உப்புத்தாள்தான் வழி. திட்டை மட்டும் தேய்ச்சா அங்க நிறம் வெளுத்துத் தனியா தெரியும். கைப்பிடி முழுசையும் தேய்க்கணும். அப்போ உறை இடம் மாறிடும்: ஃபோம் தூசியில இருந்து நூல்கட்டைக் காப்பாத்த, சட்டையை அதுக்குப் போடணும். பள்ளம் விழுந்திருந்தா வெந்நீர்ல நனைச்ச துணியைச் சுத்தி வைங்க, ஓரளவு எழும்பும், முழுசா எழும்பும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மதுரைத் தம்பியோட ராடை அப்படித்தான் முழுசாத் தேய்ச்சோம். கைப்பிடி ஒரு சுத்து மெலிஞ்சுது. அவருக்குக் கை சின்னது, இப்போதான் பிடிக்க வசதியா இருக்குன்னார்.

கடைசியா ஒண்ணு. எபாக்ஸி ஒரே நாள்ல தொட்டா ஒட்டாத அளவுக்கு இறுகிடும், ஆனா முழு வலு வர ஒரு வாரம் கிட்ட ஆகும். சட்டையைக் கழட்டின சந்தோஷத்துல மறுநாளே படகுத் தடுப்புல சாய்ச்சிடாதீங்க. அந்த வாரம் முழுக்க ராடு சுவர்ல நிக்கட்டும்.